மனிதனின் வயதும் சர்க்கரையின் வயதும்

தாம்பரத்துக்குத் தெற்கே, கூடுவாஞ்சேரிக்கும் காட்டாங்குளத்தூருக்கும் நடுவில் இருக்கும் பொத்தேரியைப் பெரும்பாலோர் மாணவர்களின் ஊராகவே அறிவார்கள். பல்கலைக்கழகமும் அதைச் சார்ந்த விடுதிகளும் உணவகங்களும் அவ்வூருக்கு அத்தகைய தோற்றத்தைத் தந்துவிட்டன. ஆனால் அங்குள்ள எஸ்.ஆர்.எம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நாடிச் செங்கற்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் முதலிய பக்கங்களிலிருந்து ரயிலிலும் பேருந்திலும் வந்து இறங்குகிறவர்களுள் வயோதிகர்களும் அநேகர். ஐம்பது பிராயம் கடந்த ஆண்கள் பலரை நம் நாட்டில் ஏககாலத்தில் பீடிக்கும் கவலைகள் இரண்டு உண்டு: ஒன்று, பத்து இருபது வருஷங்களாகக் கூடவே வாசம் செய்யும் சர்க்கரை வியாதி, மற்றொன்று, சிறுநீர் தடைப்படுதலும் அது பற்றிய பயமும். முன்னதற்கு ஒரு மருத்துவர், ஒரு நோட்டுப் புத்தகம்; பின்னதற்கு வேறொரு மருத்துவர், வேறொரு கோப்பு என்று இவ்விரண்டையும் தனித்தனியே பேணிவருவதே எங்கும் வழக்கம். புராஸ்டேட் சுரப்பியில் உண்டாகும் புற்றுநோய்க்கு வயதோடும், உடலின் வளர்சிதை மாற்றம் சீராக இருப்பதோடும் உள்ள சம்பந்தத்தை ஆராயப் புகுகிறவர், அந்த நோட்டுப் புத்தகத்தையும் கோப்பையும் ஒருசேரத் திறந்து வைத்துப் படித்தாலன்றி உண்மை புலப்படாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

புராஸ்டேட் ஆண்களுக்கு மட்டுமே உரிய சிறு சுரப்பி. சிறுநீர்ப்பையின் கழுத்துக்குக் கீழே, சிறுநீர்க்குழாயின் தொடக்கத்தைச் சூழ்ந்து அமைந்து, விந்துவோடு கலக்கும் திரவத்தைச் சுரப்பது அதன் தொழில். வாலிபத்தில் அதன் எடை சுமார் 20 கிராம். அமெரிக்க நோய்க்குறியியல் நிபுணரான ஜான் மெக்நீல் அதனை மண்டலங்களாகப் பிரித்து விளக்கிய பிறகு, நெடுநாள் குழப்பம் ஒன்று தெளிந்தது. குழாயைச் சுற்றியுள்ள உள்மண்டலம் வயது ஏற ஏறப் பருத்துக் குழாயை நெருக்குகிறது. இது புற்றுநோயன்று, முதுமையில் பெரும்பாலான ஆண்களுக்கு வரும் சாதாரண வீக்கம். புற்றுநோயோ, பத்தில் ஏழு பங்கு, குழாயினின்று விலகி மலக்குடலை அடுத்துள்ள வெளிமண்டலத்தில் முளைக்கிறது. அங்கே முளைத்தது வருஷக்கணக்கில் வளர்ந்தாலும் நீரோட்டத்தைத் தடுப்பதில்லை. ஆகவே நோயாளி அதை உணர்வதுமில்லை. நுண்ணோக்கியின் கீழ் அதன் அடையாளம் வியக்கத்தக்க விதத்தில் எளிமையானது: ஆரோக்கியமான நுண்சுரப்பி ஒவ்வொன்றையும் இரண்டு அடுக்குச் செல்கள் சூழ்ந்திருக்க, புற்றுநோயில் வெளியடுக்கு மறைந்துபோய், ஒற்றையடுக்கே உடைய சிறு சிறு வளையங்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. அவ்வளையங்கள் எவ்வளவு தூரம் உருக்குலைந்துள்ளன என்பதைக் கொண்டு நோயின் வேகத்தை மதிப்பிடும் முறையை டொனால்ட் கிளீசன் என்பவர் 1966இல் வகுத்தார். இன்றும் மருத்துவர்கள் பேசுவது அவர் வகுத்த கணக்கின் திருந்திய வடிவமே.

1853இல் லண்டன் மருத்துவமனையைச் சேர்ந்த ஆடம்ஸ் என்ற அறுவை மருத்துவர், நுண்ணோக்கியால் உறுதிசெய்யப்பட்ட முதல் புராஸ்டேட் புற்றுநோயை விவரித்தபோது, அதை மிகவும் அபூர்வமான வியாதி என்று குறிப்பிட்டார். அன்று அபூர்வமாக இருந்த வியாதி 2022ஆம் ஆண்டில் உலகமெங்கும் ஏறத்தாழ பதினான்கரை இலட்சம் ஆண்களிடம் புதிதாகக் கண்டறியப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் மனிதனின் சுரப்பி மாறிவிடவில்லை. மாறியவை அவனுடைய ஆயுளும் நம்முடைய பரிசோதனைக் கருவிகளும். வேறு காரணங்களால் இறந்த ஆண்களின் உடல்களைப் பல நாடுகளில் பரிசோதித்த ஆய்வுகளை 2015இல் ஒருங்கே தொகுத்துப் பார்த்தபோது, முப்பது வயதுக்கு உட்பட்டோரில் நூற்றுக்கு ஐவரிடமும், எண்பதை எட்டியோரில் நூற்றுக்கு ஐம்பத்தொன்பது பேரிடமும் இந்தப் புற்றுநோய் மறைந்திருந்தது தெரியவந்தது. அவர்கள் அனைவரும் அதனோடு வாழ்ந்து, அதை அறியாமலே வேறொன்றால் இறந்தவர்கள். இந்த ஒரு செய்தியை மனத்தில் நன்கு பதித்துக்கொண்டாலொழிய இவ்வியாதியைப் பற்றிய எந்த எண்ணிக்கையையும் சரிவரப் புரிந்துகொள்ள இயலாது என்பது என் அபிப்பிராயம். நோய் இருப்பது வேறு; நோயால் துன்புறுவது வேறு. வயது முதலாவதைத் தீர்மானிக்கிறது. இரண்டாவதைத் தீர்மானிப்பது எது என்பதுதான் இன்றைய ஆராய்ச்சியின் நெருக்கடியான கேள்வி.

வயது மட்டும் ஏன் இவ்வளவு வலிமை பெற்றிருக்கிறது? செல்கள் பிரியும்போதெல்லாம் மரபுப் பொருளில் நேரும் சிறு பிழைகள் ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே போவது ஒரு காரணம். 2005இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அருள் சின்னையனின் குழுவினர், ஆண்மை ஹார்மோனின் ஏவலுக்குக் கட்டுப்பட்ட மரபணு ஒன்று, செல்லை வளரத் தூண்டும் வேறொரு மரபணுவோடு தவறுதலாக ஒட்டிக்கொள்வதைக் கண்டுபிடித்தார்கள். மேல்நாட்டு நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப்பேரிடம் காணப்படும் இந்த ஒட்டு நேர்ந்துவிட்டால், சாதாரண டெஸ்டோஸ்டிரோனே புற்றுநோய்க்கு உரமாகிறது. நெடுங்காலம் ஓயாது கனன்றுகொண்டிருக்கும் அழற்சி இன்னொரு காரணம். இவை யாவும் நாளாக நாளாகத்தான் திரளும். தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி மக்களில் 13.6 சதவீதத்தினர் அறுபது வயதைக் கடந்தவர்கள்; பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்தபடியாக முதியோர் விகிதம் மிகுந்த மாநிலம் நம்முடையதே. ஆதலால் இங்கே இந்நோய் பெருகுவது கெடுதியின் அறிகுறி என்று மட்டும் கொள்ள வேண்டியதில்லை. காலராவிலும் காசநோயிலும் மாளாமல் நம் தந்தையர் வாழ்ந்திருந்ததன் பலனும் அதில் அடங்கியிருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்தில், டாக்டர் சாந்தா முதலியோரின் உழைப்பால் 1980களின் தொடக்கத்திலிருந்து இயங்கிவரும் சென்னைப் புற்றுநோய்ப் பதிவேடு இந்தப் பெருக்கத்தைப் பல்லாண்டுகளாகக் காட்டிவருகிறது. பதிவாளர்கள் தாமே மருத்துவமனை மருத்துவமனையாகவும் ஆய்வுக்கூடம் ஆய்வுக்கூடமாகவும் சென்று, இறப்புப் பதிவுகளையும் புரட்டி, ஒவ்வொரு நோயாளியையும் எண்ணிச் சேர்க்கும் பொறுமையான பணி அது.

எண்ணிப் பார்ப்பதன் மகிமையைச் செங்கற்பட்டைக் காட்டிலும் நன்கு உணர்த்திய ஜில்லா உலகில் அதிகமில்லை. 1968இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு, அன்றைய செங்கற்பட்டு ஜில்லாவில் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.யைச் சோதிக்கத் தொடங்கிற்று. இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தடுப்பூசியோ மருந்தில்லா ஊசியோ போடப்பட்டு, பல்லாண்டுகள் அவர்கள் பின்தொடரப்பட்டார்கள். பிரிட்டனில் அதே ஊசி சிறப்பாகப் பாதுகாப்பளித்திருந்தபடியால் இங்கும் அவ்வாறே அளிக்கும் என்று நிபுணர்கள் நம்பியிருந்தார்கள். ஏழரை ஆண்டுகளுக்குப் பின் கணக்குப் பார்த்தபோது, நுரையீரல் காசநோய் பெரியவர்களுக்கு வருவதை அது தடுக்கவே இல்லை என்ற முடிவு வெளிவந்து, உலகத்தையே திகைக்க வைத்தது. குளிர்நாட்டில் நிரூபணமான ஒன்று, பூமியும் உணவும் உடலமைப்பும் சுற்றுச்சூழல் கிருமிகளும் வேறான இந்த ஏரி மாவட்டத்தில் பலிக்காமற் போகலாம் என்ற பாடத்தை மருத்துவ உலகம் இந்த மண்ணில்தான் கற்றது. புராஸ்டேட் புற்றுநோய்க்கும் சர்க்கரை வியாதிக்கும் உள்ள உறவைப் பற்றி மேல்நாட்டார் கண்டறிந்தவற்றை நாம் வாசிக்கும்போதும் அந்தப் பாடம் நினைவிலிருக்க வேண்டும்.

சர்க்கரை வியாதியைப் பொறுத்தவரை சென்னைக்குத் தனிச் சரித்திரமே உண்டு. 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விஸ்வநாதன் அதற்கென்று தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். 2001இல் அவருடைய புதல்வர் டாக்டர் வி. மோகனும் உடனுழைத்தோரும் தொடங்கிய சென்னை ஆய்வில் 26,001 பேர் சேர்க்கப்பட்டனர். இந்தியா முழுவதையும் அளந்து 2023இல் வெளியான பேராய்வின்படி நாட்டில் பத்துக் கோடிக்கு மேற்பட்டோருக்கு இவ்வியாதி இருக்கிறது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு மேல். இரத்தத்தில் சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு வகைகளின் அளவு, இடுப்பின் சுற்றளவு ஆகியவற்றுள் மூன்றேனும் கெட்டிருந்தால் அதை வளர்சிதை மாற்றக் கோளாறுத் தொகுதி என்பார்கள். ஜெரால்ட் ரீவன் 1988இல் ஆற்றிய சொற்பொழிவில் இக்கோளாறுகளை ஒரே மூலத்தினின்று பிறந்த கிளைகளாக விளக்கினார். இன்சுலினின் சொல்லுக்குத் தசையும் ஈரலும் செவிசாய்க்க மறுப்பதே அந்த மூலம்.

இவ்வளவு தீங்குக்குக் காரணமான சர்க்கரை வியாதி புராஸ்டேட் புற்றுநோயையும் அதிகரிக்கத்தானே செய்யும் என்று எவரும் எதிர்பார்ப்பார்கள். ஈரல், கணையம், பெருங்குடல் ஆகியவற்றின் புற்றுநோய்கள் சர்க்கரை வியாதிக்காரர்களிடம் அதிகம் என்பது மெய்யே. ஆனால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்த ஆய்வுகளை 2006இல் காஸ்பர், ஜியோவானுச்சி என்ற இருவர் தொகுத்துப் பார்த்தபோது, சர்க்கரை உள்ள ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 16 சதவீதம் குறைவாக இருந்தது. பிற்காலத்துத் தொகுப்புகளும் ஏறக்குறைய இதையே சொல்லின. இந்த விந்தையைத் தற்செயல் என்று தள்ளிவிடவும் முடியவில்லை. ஏனெனில் 2007இல் ஐஸ்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர்கள் பதினேழாவது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு வேறுபாடு சர்க்கரை வியாதியைக் குறைத்துப் புராஸ்டேட் புற்றுநோயை அதிகரிக்கிறது என்று கண்டார்கள். ஒரே எழுத்து மாற்றம் ஒரு பக்கம் காப்பாகவும் மறுபக்கம் ஆபத்தாகவும் அமைந்திருக்கிறது.

இதற்கு விளக்கம் தேடுகையில்தான் சர்க்கரைக்கும் ஒரு வயது உண்டு என்ற விஷயம் முக்கியமாகிறது. அமெரிக்காவில் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்களைப் பின்தொடர்ந்து 2005இல் வெளியான ஆய்வு, சர்க்கரை கண்டுபிடிக்கப்பட்ட முதல் மூன்றாண்டுகளில் புற்றுநோய் வாய்ப்புச் சற்று உயர்ந்தும், நான்கு ஆண்டுகளுக்குப் பின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தாழ்ந்தும் இருப்பதைக் காட்டிற்று. வியாதியின் ஆரம்பத்தில், கட்டளையை மதிக்காத தசைகளை வழிக்குக் கொண்டுவரக் கணையம் இன்சுலினைத் தாராளமாகச் சுரக்கிறது. அந்த மிகுதி செல்களை வளரத் தூண்டும் சாரத்தை இரத்தத்தில் பெருக்குகிறது. ஆண்டுகள் செல்லச் செல்லக் கணையம் களைத்து இன்சுலின் குறைகிறது. அத்தோடு டெஸ்டோஸ்டிரோனும் குறைகிறது. இரண்டாம் வகைச் சர்க்கரை உள்ள ஆண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அந்த ஹார்மோன் போதாதிருப்பதை 2004ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியுள்ளது. ஹார்மோனை நம்பி வாழும் புற்றுநோய்க்கு அது பஞ்சகாலம். இவ்வாறு பார்த்தால், எழுபது வயதான ஒருவரிடம் சர்க்கரை இருக்கிறதா என்று கேட்பது பாதிக் கேள்விதான். அது எத்தனை வருஷத்துச் சர்க்கரை என்று கேட்டாலே கேள்வி முழுமை பெறும்.

நம்மவர் நிலைமையோ இன்னும் சிக்கலானது. ஆசிய நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தனியே தொகுத்தவர்கள் மேல்நாட்டுக்கு நேர்மாறாக, சர்க்கரையோடு இந்நோய் ஓரளவு கூடுவதையே கண்டிருக்கிறார்கள். ஷாங்காயில் ஆன் சிங் என்னும் அம்மையார் நடத்திய ஆராய்ச்சி இதில் என்னை மிகவும் கவர்ந்தது. அங்குள்ள ஆண்கள் அன்று ஒல்லியானவர்கள். புராஸ்டேட் புற்றுநோயும் அவர்களிடம் மிகக் குறைவு. அப்படிப்பட்டவர்களுள்ளும் இரத்தத்தில் இன்சுலின் மிகுந்திருந்த மூன்றில் ஒரு பங்கினருக்கு இந்நோயின் வாய்ப்பு, குறைந்திருந்தவர்களைக் காட்டிலும் இரண்டரை மடங்கு அதிகமாக இருந்தது. எடை பார்க்கும் கருவி காட்டாத ஒன்றை இடுப்புச் சுற்றளவும் இன்சுலினும் காட்டின. இது நமக்கு நேரடியாகப் பொருந்தும் செய்தி. புனேயில் டாக்டர் யாஜ்னிக் பல்லாண்டுகளாக விளக்கிவருவதுபோல, ஒரே எடையுள்ள ஆங்கிலேயரையும் இந்தியரையும் பக்கத்தில் நிறுத்தினால் இந்தியரிடம் தசை குறைந்தும் கொழுப்பு மிகுந்தும் இருக்கும்; கைகால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளிய ஆண் நமக்கு அன்றாடக் காட்சி. இடுப்பு 90 சென்டிமீட்டரைத் தாண்டினாலே நம் ஆண்களுக்கு ஆபத்து என்று நிபுணர்கள் வரம்பு கட்டியிருப்பதும், வெள்ளையர்க்கு அவ்வரம்பு 102 ஆக இருப்பதும் இதனாலேயே. மேலும் சர்க்கரை நம்மவர்க்கு ஐரோப்பியரைவிடப் பத்தாண்டுகள் முந்தியே வந்துவிடுகிறது. இன்சுலின் மிகுந்தோடும் அந்தத் தொடக்கப் பருவம் நம்முடைய ஆண்களுக்கு முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் கழிகிறது; புராஸ்டேட்டில் முதல் விதைகள் விழும் பருவமும் அதுவே. இதுகாறும் வந்துள்ள ஆய்வுகள் இந்த ஒருங்கிணைவைப் போதிய அளவு கணக்கில் எடுக்கவில்லை என்றே நான் கருதுகிறேன்.

வளர்சிதை மாற்றக் கோளாறு இந்நோயை உண்டாக்குகிறது என்று திட்டமாகச் சொல்வதற்கில்லை. பின்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு, கோளாறுள்ளவர்களுக்கு வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு என்றது. அமெரிக்க ஆய்வொன்று குறைவு என்றது. ஆனால் கேள்வியைச் சற்றே மாற்றி, நோய் வருமா என்பதற்குப் பதிலாக, வந்த நோய் கொடியதாகுமா என்று கேட்டால் விடைகள் பெரும்பாலும் ஒரே திசையில் நிற்கின்றன. நார்வே, சுவீடன், ஆஸ்திரியா ஆகிய நாடுகளின் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட ஆண்களின் தகவல்களைச் சேர்த்த பேராய்வு, பருமனும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் இந்நோயால் இறப்பது அதிகம் என்று 2012இல் தெரிவித்தது. உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் 2014இல் எல்லா ஆதாரங்களையும் சீர்தூக்கி, உடற்கொழுப்பு முற்றிய புராஸ்டேட் புற்றுநோய்க்குக் காரணமாவதற்கு வலுவான ஆதாரம் உண்டு என்று தீர்ப்புக் கூறிற்று. சர்க்கரையால் வாய்ப்புக் குறைகிறது என்று சொன்ன அதே மேல்நாட்டிலும், புற்றுநோய் வந்துவிட்ட பின்னர்ச் சர்க்கரையுள்ளவர்களே கணிசமாக அதிகம் இறக்கிறார்கள். ஆகவே வயது நோயின் வாசலைத் திறக்கிறது. உள்ளே வந்த நோய் வீட்டை என்ன செய்கிறது என்பதில் இன்சுலினுக்கும் கொழுப்புக்கும் பெரும்பங்கு உண்டு. என் மனம் ஆதாரங்களைப் படித்து ஒப்புக்கொண்ட முடிவு இதுவே.

இனி, பரிசோதனையைப் பற்றி. பி.எஸ்.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் புரதத்தைப் புராஸ்டேட் செல்களே உண்டாக்குகின்றன. அது இரத்தத்தில் கசியும் அளவைக் கொண்டு நோயை ஊகிப்பது 1980களிலிருந்து வழக்கத்துக்கு வந்தது. அதுவும் வயதோடு ஏறும் தன்மையது. நாற்பதுகளில் 2.5 என்பது மேல்வரம்பானால் எழுபதுகளில் 6.5 வரை இயல்பெனக் கொள்ளலாம் என்று 1993இல் ஓஸ்டர்லிங் என்பவர் அட்டவணை தந்தார். ஆனால் பருத்த உடலில் இரத்தத்தின் நீர்ப்பகுதி அதிகமாகையால் அதே அளவு புரதம் கலந்து நீர்த்துவிடுகிறது. நாட்பட்ட சர்க்கரையில் டெஸ்டோஸ்டிரோன் குறைவதால் புரதம் உண்டாவதும் குறைகிறது. தொந்தியும் இருபது வருஷத்துச் சர்க்கரையும் உள்ள அறுபத்தைந்து வயதுக்காரரின் சீட்டில் 3.8 என்று அச்சாகியிருந்தால், கணினி அதன் பக்கத்தில் இயல்பு என்று போட்டுவிடும். அதே எண், சர்க்கரையில்லாத ஒல்லியான மனிதரின் சீட்டில் பெறும் பொருளை இங்கே பெறாது. இப்படிப்பட்டவர்களில் நோய் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுவதும், கண்டுபிடிக்கும்போது முற்றியிருப்பதும் ஓரளவுக்கு இந்த எண்ணின் மயக்கத்தாலேயே. சர்க்கரைக்காரருக்குப் புற்றுநோய் குறைவு என்ற மேல்நாட்டுக் கணக்கிலும் ஒரு பகுதி, தேடாததால் கிடைக்காததாக இருக்கக்கூடும்.

அதற்காக ஐம்பது கடந்த ஆண்கள் அனைவரையும் வரிசையில் நிறுத்தி இரத்தம் எடுத்துவிடலாம் என்று சொல்லவும் நான் துணியமாட்டேன். 1,82,000 ஆண்களைக் கொண்ட ஐரோப்பியப் பேராய்வு 2009இல், பரிசோதனையால் மரணம் 20 சதவீதம் குறைவதைக் காட்டியபோதே, ஒரு மரணத்தைத் தவிர்க்க 1,410 பேரைச் சோதித்து, 48 பேருக்குக் கூடுதலாகச் சிகிச்சை செய்யவேண்டியிருந்தது என்பதையும் மறைக்காமற் சொன்னது. அந்த நாற்பத்தெண்மரில் பலர், தொடாமல் விட்டிருந்தால் தொல்லையே தந்திராத நோயை வெட்டி எடுத்ததால் சிறுநீரை அடக்க முடியாமலும் தாம்பத்தியம் இழந்தும் தவிக்க நேரும். சுரப்பிக்குள்ளேயே அடங்கிய நோயுள்ள 1,643 பேரை, கண்காணித்தல், அறுவை, கதிர்வீச்சு என மூன்று பிரிவாக்கிப் பதினைந்தாண்டுகள் பின்தொடர்ந்த பிரிட்டிஷ் ஆய்வில், எந்தப் பிரிவிலும் அந்நோயால் இறந்தவர் நூற்றுக்கு மூவரளவே. வயோதிகத்தில் அவசரம் உதவாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சியம் வேண்டியதில்லை.

நம் கிராமங்களில் உள்ள கஷ்டம் இதற்கு நேர் எதிரானது. இங்கே அதிகச் சிகிச்சையால் துன்புறுவோர் சிலர்; நோய் எலும்புக்குப் பரவிய பின்னரே முதன்முதலாக மருத்துவரைக் காண்போர் பலர். இரவில் நான்கு முறை எழுந்து வெளியே போகிற பெரியவரிடம், “உங்களுக்குத்தான் சர்க்கரை இருக்கே ஐயா, அதனால்தான் அடிக்கடி வருது” என்று வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும் சொல்லிவிடுகிறார்கள். அவரும் அப்படியே நம்பிவிடுகிறார். சர்க்கரையால் வரும் நீர்ப்பெருக்கு வேறு, தடைப்பட்டுச் சொட்டுச் சொட்டாக இறங்கி, போய்வந்த பின்னும் மிச்சமிருப்பதாகத் தோன்றும் நிலை வேறு. பின்னது பெரும்பாலும் சாதாரண வீக்கமே என்றாலும் அதைக் காட்டிக்கொள்ள வரும்போதுதான் சுரப்பியை விரலால் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு மருத்துவருக்குக் கிடைக்கிறது. வெளிமண்டலத்தில் கல்போன்று இறுகிய முடிச்சு, பி.எஸ்.ஏ. ஏமாற்றும்போதும் அந்த விரலுக்குத் தட்டுப்படும். இன்னொரு அறிகுறி இடுப்புவலி. வாயுப் பிடிப்பென்று தைலம் தேய்த்து, ஒத்தடம் கொடுத்து, மாதக்கணக்கில் ஒதுக்கப்படும் அந்த வலி, படுத்தாலும் தணியாமல் இரவில் மிகுமானால் முதுகெலும்பைப் பார்த்தே ஆகவேண்டும். கால்கள் மரத்துப் போகும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டுவந்து கொடுக்கும் தன்னார்வலப் பெண், கடற்கரைக் குப்பங்கள் வரை வீட்டுத் திண்ணையிலேயே அளவும் பார்க்கிறார். புராஸ்டேட்டைப் பற்றி விசாரிப்பது அவர் கடமையில் இல்லை. ஆனால் முதியவரிடம் நீர்த்தடை, இடுப்புவலி என்ற இந்த இரண்டு சங்கதிகளையும் கேட்டு எழுதிக்கொள்ள அவருக்கு இரண்டு நிமிஷம் போதும். கூச்சம் தடுக்குமானால் முதியவரின் மகனிடமாவது கேட்கலாம்.

வளர்சிதை மாற்றத்துக்கும் இந்நோய்க்கும் உள்ள பந்தம் சிகிச்சையிலே மறுபடியும் தலைகாட்டுகிறது; அதுவும் முன்னைக்காட்டிலும் கடுமையாக. 1941இல் சிக்காகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ், விதைகளை அகற்றினால் எலும்பில் பரவிய புராஸ்டேட் புற்றுநோய் ஒடுங்குவதைக் காட்டினார். அதற்காக 1966இல் நோபல் பரிசு பெற்றார். இன்றும் பரவிய நோய்க்கு அடிப்படை மருத்துவம் அதுவே: ஊசியாலோ அறுவையாலோ டெஸ்டோஸ்டிரோனை அடக்குவது. ஊசிக்குத் தவணை தவறாமல் செலவிட இயலாத ஏழைகளுக்கு நம் நாட்டில் ஒரே தடவையில் முடியும் அறுவையே பெரும்பாலும் செய்யப்படுகிறது. பலன் நிச்சயம், விலையும் நிச்சயம். ஊசி போட்டுக்கொண்ட ஆண்களை 48 வாரங்கள் அளந்துபார்த்த மாத்யூ ஸ்மித்தின் ஆய்வில் உடற்கொழுப்பு 9.4 சதவீதம் கூடி, தசை 2.7 சதவீதம் தேய்ந்தது. 73,196 அமெரிக்க முதியோரைப் பின்தொடர்ந்து நான்சி கீட்டிங் 2006இல் வெளியிட்ட ஆய்வில், இந்த ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குப் புதிதாகச் சர்க்கரை வியாதி வருவது 44 சதவீதமும், இருதய இரத்தக் குழாய் நோய் வருவது 16 சதவீதமும் அதிகமாயிருந்தன. முன்பு சர்க்கரை இல்லாதிருந்த மனிதர்களிடமே இவ்வளவென்றால், சிகிச்சை தொடங்கும் அன்றே சர்க்கரையோடும் கொதிப்போடும் வருகிற செங்கற்பட்டு விவசாயியின் கதி என்னவாகும்? புற்றுநோய் அடங்கியிருக்கும்போதே மாரடைப்பால் போய்விட்டவர்களின் குடும்பங்கள் நம்மிடையே இல்லாமலில்லை. சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை புற்றுநோயையும் அடக்கும் என்று பலகாலம் நிலவிய நம்பிக்கையைப் பிரிட்டனின் ஸ்டாம்பீட் ஆய்வு 1,874 நோயாளிகளிடம் சோதித்து, ஆயுளை அது குறிப்பிடத்தக்க அளவு நீட்டவில்லை என்று 2024இல் அறிவித்தது. எனினும் எடை, சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றில் ஹார்மோன் சிகிச்சை விளைக்கும் கேடுகளை அது மட்டுப்படுத்தியதும் அந்த ஆய்விலேயே தெரிந்தது.

சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு, சர்க்கரையின் விளிம்பில் நின்ற 531 பேரை ஆராய்ந்து, நடையும் உணவு மாற்றமும் மூன்றாண்டுகளில் வியாதியை 28.5 சதவீதம் தடுத்ததைக் காட்டியிருக்கிறது. ஹார்மோன் அடக்கப்பட்டவர்களுக்கும் அதே நடையும், தேயும் தசையை மீட்கச் சிறிது பளு தூக்கும் பயிற்சியும் உடலைத் தாங்கிப் பிடிக்கின்றன. ஸ்மித் பின்னர்ச் செய்த மற்றோர் அளவீட்டில், முதல் ஊசிக்குப் பன்னிரண்டே வாரங்களில் இன்சுலின் நான்கில் ஒரு பங்கு ஏறிவிட்டது. அதாவது, மூன்று மாதத்துக்கொருமுறை போடும் ஊசியின் இரண்டாம் தவணைக்காக நோயாளி வரிசையில் வந்து உட்காரும் நாளிலேயே இரத்தத்தில் அந்த மாறுதல் ஏற்பட்டிருக்கிறது. ஆகவே பி.எஸ்.ஏ.வுக்காக அன்று அவர் கையில் குத்தும் அதே ஊசியில் இன்னொரு குப்பிக்கும் சிறிது இரத்தம் எடுத்து, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைப் பார்த்து, அந்த எண்ணை அவருடைய சர்க்கரை நோட்டுப் புத்தகத்திலும் எழுதிவிடலாம்.